"ஏதோ பாத்து குடுங்க"னு மட்டும் சொல்லிடாதீங்க

வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கடிதத்துல மூணு கடிதம் ஒரே விஷயத்த சுத்தி வந்திருக்கு, கைக்குழந்தைய வீட்டுல வெச்சு பாத்துக்கறதுக்கு என்ன காசு கேக்கறது, எப்படி கேக்கறதுனு. பதினோரு வருஷம் குரோம்பேட்டைல என் வீட்டு ஹால்ல இதே வேலைய செஞ்சவ நான், அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த வாரத்துக்கு தள்ளி வெச்சுட்டு இத மட்டும் எழுதறேன்.

கேள்வி: அக்கா, எங்க அபார்ட்மென்ட்ல மூணாவது மாடில இருக்கற பொண்ணு ஐடி கம்பெனில வேலை பாக்கறா. குழந்தைக்கு நாலரை மாசம், அடுத்த மாசம் ஆபீஸ் போயே ஆகணுமாம். ரெண்டு பக்கத்துலயும் பெரியவங்க வந்து இருக்க முடியாத நிலைமை. "ஆன்ட்டி, நீங்க பாத்துக்கறீங்களா, உங்க வீட்டுலயே விட்டுட்டு போறேன்"னு கேட்டா. காலைல எட்டரைக்கு விட்டா சாயந்தரம் ஏழு மணிக்கு எடுத்துப்பா, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும். எனக்கும் ஆசைதான், என் பசங்க ரெண்டு பேரும் காலேஜ் போயிட்டாங்க. வீட்டுல பிளவுஸ் தைக்கறேன், மாசம் அஞ்சாயிரம் கிட்ட வரும். எவ்வளவு தருவேனு கேட்டா "நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி"ங்கறா. எங்க வீட்டுக்காரரோ "பக்கத்து வீட்டு பொண்ணுகிட்ட என்ன காசு பேசறது, குடுக்கறத வாங்கிக்க"னு சொல்றார். இங்க பக்கத்துல ஒரு கிரெச்ல (குழந்தை காப்பகம்) கைக்குழந்தைக்கு 8,000 கேக்கறாங்க, ஆறு மணி வரைக்கும்தான். ஏஜென்சி மூலமா ஆயா வெச்சா 18,000, அதுக்கு மேல கமிஷன் வேற. நான் என்ன கேக்கணும்?
(வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: முதல்ல உங்க வீட்டுக்காரர் சொன்னத பத்தி சொல்லிடறேன். அவர் நல்ல மனசோடதான் சொல்றார், ஆனா அந்த வார்த்தைய நம்பி நான் பட்டத நீங்க படக்கூடாது. 2009-ல எனக்கு முதல் குழந்தை வந்துச்சு, மூணு மாச பாப்பா, அம்மாவுக்கு பேங்க்ல வேலை. "எவ்வளவு மாமி?"னு கேட்டாங்க, நான் "ஏதோ பாத்து குடும்மா"னு சொல்லிட்டேன். மாசம் முடிஞ்சதும் கவர்ல 1,200 ரூபா இருந்துச்சு. அவங்கள தப்பு சொல்ல முடியாது, தொகை சொல்லாதது நான்தான். ஆனா அதுக்கப்புறம் ஆறு மணிக்கு வர்றவங்க ஏழு மணிக்கு வந்தாங்க, அப்புறம் ஏழே முக்கால், சில நாள் எட்டரை. நான் வாய தொறக்கல. உள்ள மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. ஒரு நாள் சாயந்தரம் அடுப்புல குழம்பு, தூளில பாப்பா முழிச்சு அழறா, மணி எட்டு, எனக்கு வந்த கோபத்துல நான் உடனே போகல, அழட்டும்னு நின்னுட்டேன். ஒரு நிமிஷம் இருக்கும், அவ்வளவுதான். அப்புறம் ஓடிப்போய் தூக்கினேன், முகமெல்லாம் செவந்து போய் விக்கிக்கிட்டு இருந்தா. அவ இப்போ வளந்து பெரிய பொண்ணா இருப்பா, அந்த ஒரு நிமிஷம் எனக்கு இன்னும் மறக்கல. பெரியவங்களுக்குள்ள பேசாம விட்ட காசு எங்க போய் விழும்னு நான் தெரிஞ்சுக்கிட்டது அன்னைக்குதான், அது அந்த நாலு கிலோ குழந்தை மேல போய் விழும். அதனாலதான் நான் எல்லார்கிட்டயும் பிடிவாதமா சொல்றேன், தொகைய நீங்க சொல்லுங்க, குழந்தை வர்றதுக்கு முன்னாடியே சொல்லுங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். காலைல எட்டரைல இருந்து ராத்திரி ஏழு, அது பத்தரை மணி நேரம். மாசத்துக்கு 22 நாள்னு வெச்சா 231 மணி நேரம். கிரெச்ல 8,000 வாங்கறாங்க, நாமளும் அதையே கேப்போம்னுதான் முதல்ல தோணும், எல்லாருக்கும் அப்படிதான் தோணும், ஆனா 8,000-த்த 231-ஆல வகுத்து பாருங்க, மணிக்கு 35 ரூபா கூட வரல. கிரெச்சுக்கு அது கட்டுபடியாகும், ஏன்னா அங்க ஒரு ஆயா கையில நாலு அஞ்சு குழந்தை இருக்கும், நாலு எட்டு முப்பத்திரண்டாயிரம். உங்க வீட்டுல ஒரே ஒரு குழந்தை, ஒரே ஒரு ஆள். கிரெச் ரேட் உங்களுக்கு அளவுகோல் இல்ல.

அதே மாதிரி அந்த 18,000-உம் உங்க ரேட் இல்ல. ஏஜென்சி ஆயா அவங்க வீட்டுக்கே வந்து இருப்பாங்க, குழந்தைய காலைல குளிருல வெளிய தூக்கிட்டு வர வேண்டியதில்ல, குழந்தை துணி தோச்சு, பாட்டில் கழுவி, பல வீட்டுல குழந்தைக்கு சமையலும் அவங்கதான். இது மேல் எல்லைனு மட்டும் வெச்சுக்கோங்க. உங்க நியாயமான தொகை இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு, அத கண்டுபிடிக்க நான் எப்பவும் கீழ இருந்துதான் மேல போவேன்.

கீழனா, உங்க கைய விட்டு போறது என்ன? தையல் 5,000. "குழந்தை தூங்கறப்ப தைச்சுக்கலாமே"னு நெனைப்பீங்க. நாலரை மாச குழந்தை பகல்ல அரை மணி முக்கால் மணினு துண்டு துண்டா தூங்கும், நீங்க மெஷின்ல உக்காந்து நூல் கோத்து முடிக்கறதுக்குள்ள சிணுங்கல் கேக்கும். அப்படியே தைச்சாலும் இன்னும் மூணு நாலு மாசத்துல அது தவழ ஆரம்பிச்சுடும், கீழ கெடக்கற ஒரு குண்டூசி போதும், நான் அதுக்கு மேல எழுத விரும்பல. அதனால தையல சனி ஞாயிறுக்கு மட்டும்னு முடிவு பண்ணிடுங்க, 5,000-ல பெரும்பகுதி போயிடும்னே வெச்சுக்கோங்க. அப்புறம் வீட்டு செலவு. பாட்டில் கொதிக்க வெக்கற கேஸ், துணி அலசற தண்ணி, பகல் முழுக்க ஓடற ஃபேன். கோடைல ஏசி. இந்த கரண்ட் விஷயத்த நெறைய பேர் சாதாரணமா விட்டுடறாங்க, நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங், அது 500 யூனிட்ட தாண்டிச்சுனா தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ இருக்கற யூனிட்டுக்கும் வேற ரேட்ல போட்டுடுவாங்க. ஒரு டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் பக்கம் இழுக்கும், பகல்ல அஞ்சு மணி நேரம் போட்டா ரெண்டு மாசத்துல 220 யூனிட். இதுவரைக்கும் 350 வந்த வீடு 570-க்கு போயிடும். அதனால ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசம் ஏசி வேணும்னு அந்த பொண்ணு கேட்டா, கரண்ட் பில்ல பழைய பில்லோட வெச்சு பாத்து கூடுதல அவங்க குடுக்கணும்னு இப்பவே சொல்லிடுங்க. ஏசி இல்லாம மத்த செலவு மாசம் ஆயிரம்னு நான் வெப்பேன்.

ஆக 5,000-உம் 1,000-உம் 6,000. இந்த 6,000 வாங்கினீங்கனா நீங்க முன்னாடி இருந்த இடத்துலயே நிக்கறீங்க, 231 மணி நேர உழைப்புக்கு ஒரு பைசா கூட வரலனு அர்த்தம். கிரெச் ரேட்டையே வாங்கினா கூட அந்த 231 மணி நேரத்துக்கு 2,000 ரூபாதான் மிச்சம். இத உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு பேப்பர்ல எழுதி காட்டுங்க, அவரே வேற மாதிரி பேசுவார்.

அடுத்தது இன்னொரு பக்கத்துல இருந்தும் சரி பாருங்க. உங்க அபார்ட்மென்ட்ல பாத்திரம் தேச்சு வீடு பெருக்கி துடைக்க வர்ற அக்காவுக்கு தினம் ஒரு மணி நேர வேலைக்கு மாசம் என்ன குடுக்கறாங்கனு விசாரிங்க, அத மாசம் 26 நாள்னு வெச்சு வகுங்க. உதாரணத்துக்கு 2,500-னு வெச்சா மணிக்கு 96 ரூபா. பாத்திரத்த பாதில வெச்சுட்டு போன் பேசலாம். குழந்தைய வெச்சுட்டு பாத்ரூம் போறதுக்கே யோசிக்கணும். மொத்தமா மாச கணக்குல எடுக்கறப்ப மணிக்கு 96 யாராலயும் குடுக்க முடியாது, அது எனக்கு புரியுது, ஆனா அதுல பாதியாவது வேணாமா? மணிக்கு 50-னு போட்டா 231 மணி நேரத்துக்கு 11,550, வீட்டு செலவு ஆயிரம் சேத்தா 12,550. நான் உங்க இடத்துல இருந்தா 13,000-னு சொல்லுவேன், 12,000-க்கு சரினு சொல்லுவேன், 11,000-க்கு கீழ போக மாட்டேன். அந்த பொண்ணுக்கும் இது நஷ்டம் இல்ல, ஆயாவ விட ஆறாயிரம் குறைவு, கமிஷன் கெடையாது, லிஃப்ட்ல இறங்கினா குழந்தை. கிரெச் ஆறு மணிக்கு மூடிடும், அவளுக்கு ஏழு மணி வேணும், அந்த ஒரு மணி நேரத்துக்காக அவ தவிக்கறது உங்களுக்கு தெரியாதது இல்ல.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க, அவ சம்பளம் எவ்வளவுனு மனசுல கணக்கு போட்டு அதுக்கு தகுந்த மாதிரி ரேட் ஏத்தாதீங்க. ஐடினா லட்சம்னு நாம நெனைக்கறோம், ஈஎம்ஐ போக அவ கையில என்ன நிக்குதுனு நமக்கு தெரியாது. உங்க நேரம், உங்க செலவு, அதுக்கு ஒரு விலை, அது அவ யாரா இருந்தாலும் அதேதான்.

அவ நிலைமையும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா "ஆறு மாசம் லீவு குடுக்கறாங்களே, நாலரை மாசத்துலயே ஏன் போறா"னு உங்க வீட்டு பெரியவங்க யாராவது கேப்பாங்க. 2017-ல சட்டத்த திருத்தி 12 வாரமா இருந்த சம்பள லீவ 26 வாரமா ஆக்கினாங்க, அது உண்மை. ஆனா அந்த 26 வாரத்துல 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுக்கலாம். கால் வீங்கி உக்கார முடியாம ஒரு மாசம் ஒன்றரை மாசம் முன்னாடியே லீவு போட்ட பொண்ணுக்கு, குழந்தை பொறந்தப்புறம் மிச்சம் நிக்கறது நாலரை அஞ்சு மாசம்தான். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் குடுங்கனு டாக்டர் சொல்றார், லீவு அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது. அதே திருத்தத்துல 50 பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்கற இடத்துல கிரெச் வசதி இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய் குழந்தைய பாக்கலாம்னும் இருக்கு, அவ கம்பெனில அது இருக்கானு ஒரு வார்த்தை கேக்க சொல்லுங்க, நமக்கு வர்ற வேலை போனாலும் பரவால்ல, அவளுக்கு தெரிஞ்சிருக்கணும். அரசாங்கத்தோட பால்னா திட்டத்துல அங்கன்வாடியோட சேந்த கிரெச்சும் இருக்கு, ஆனா அது ஆறு மாசம் முடிஞ்ச குழந்தைங்களுக்குதான். இந்த நாலரைக்கும் ஆறுக்கும் நடுவுல இருக்கற ஒன்றரை மாசம்தான் எல்லா அம்மாவும் தடுமாறற இடம், அங்கதான் உங்கள மாதிரி ஒருத்தங்க வேண்டியிருக்கு.

தொகை முடிஞ்சதும் அதுக்குள்ள என்ன அடக்கம்னு பேசிடுங்க. டயப்பர், வைப்ஸ், பால், பாட்டில், மாத்து துணி எல்லாம் அவங்க வீட்டுல இருந்து வரணும், உங்க வீட்டு ஷெல்ஃப்ல ஒரு தட்டு ஒதுக்கி குடுங்க. குழந்தை துணி தோய்க்கறது உங்க வேலையா அவ வேலையானு பேசுங்க, மூத்திர துணிய அலசி போடறது மட்டும் நான் செஞ்சேன், சோப்பு போட்டு தோய்க்கறது அவங்க. காசு மாசம் முழுசுக்கும்தான், அவ லீவு எடுத்தா தீபாவளிக்கு ஊருக்கு போனா குறைக்கக்கூடாது, ஏன்னா அந்த இடத்த நீங்க அவ குழந்தைக்குனு வெச்சிருக்கீங்க, வேற யாருக்கும் குடுக்கல. அதே நியாயம் உங்களுக்கும், உங்களுக்கு மாசம் ஒரு நாள் லீவு, முன்னாடியே சொல்லிடணும், அதுக்கு மேல நீங்க எடுத்தா அந்த நாளுக்கு கழிச்சுக்க சொல்லுங்க. அவளுக்கு வேற இடம் பாக்கவும், நீங்க நிறுத்தவும் ஒரு மாசம் முன்னாடி சொல்றதுனு வெச்சுக்கோங்க. குழந்தைக்கு காய்ச்சல்னா அன்னைக்கு அம்மாவோட இருக்கட்டும். ஊசி போட்ட நாளும் அப்படிதான், 14 வாரத்து ஊசி எல்லாம் முடிஞ்சிருக்கும், ஒன்பது மாசத்துல தட்டம்மை ரூபெல்லா வரும், நடுவுல டாக்டர் வேற ஏதாவது சொல்லியிருந்தா தேதிய உங்க காலண்டர்லயும் குறிச்சுக்கோங்க.

காச பத்தி கேட்டீங்க, நான் இதையும் எழுதறேன், ஏன்னா காசு வாங்கறோம்னா இந்த பொறுப்பும் சேத்துதான் வாங்கறோம். பால் பிழிஞ்சு வெச்சுட்டு போவா. வெளிய வெச்சா நாலு மணி நேரம்னு சொல்லுவாங்க, அது 25 டிகிரி ரூமுக்கு, நம்ம மே மாசத்துக்கு இல்ல, வந்த உடனே ஃப்ரிட்ஜுக்குள்ள உள்பக்கமா வெச்சுடுங்க, கதவுல வெக்காதீங்க. சுடுதண்ணி கிண்ணத்துல பாட்டில நிறுத்தி வெதுவெதுப்பாக்கினா போதும், அடுப்புல மைக்ரோவேவ்ல வெக்கவே கூடாது. குடிச்சு மிச்சம் வெச்ச பால ரெண்டு மணி நேரத்துக்கு மேல குடுக்காதீங்க, அந்த அம்மா ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பிழிஞ்ச பால், கொட்ட மனசு வராது, இருந்தாலும் கொட்டிடுங்க. அதனாலதான் ஒரே பாட்டில்ல நெறைய ஊத்தாம அறுபது மில்லி எண்பது மில்லினு சின்ன சின்னதா வெச்சுட்டு போக சொல்லுங்க. தூங்க வெக்கறப்ப மல்லாக்க படுக்க வெங்க, தலகாணி, பொம்மை எதுவும் பக்கத்துல வேணாம். தூளி பத்தி முதல்லயே கேட்டுடுங்க, நீங்க தூளில போட்டு பழக்கிட்டீங்கனா அது ராத்திரி அவங்க வீட்டு கட்டில்ல தூங்காது, ரெண்டு வீட்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும்.

கிரைப் வாட்டர், வசம்பு, உரை மருந்து, நாக்குல ஒரு சொட்டு தேன், இதெல்லாம் நம்ம பசங்களுக்கு குடுத்தோம், இந்த குழந்தைக்கு அம்மா சொல்லாம எதுவும் வேணாம். தேன் ஒரு வயசு வரைக்கும் யார் சொன்னாலும் கூடாது. காய்ச்சல் மருந்து விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை, பாரசிட்டமால் ட்ராப்ஸ் வேற சிரப் வேற. ட்ராப்ஸ்ல ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்ல அஞ்சு மில்லிக்கு 120, 125, இல்லனா 250-னு இருக்கும், சிரப் அளவுக்கு ட்ராப்ஸ ஊத்திட்டா எத்தனை மடங்கு ஆகும்னு பாருங்க. எந்த பாட்டில், எத்தனை மில்லினு குழந்தையோட டாக்டர் சொன்னத அம்மா கையாலயே எழுதி அந்த பாட்டில்லயே ஒட்டிட்டு போகணும், அப்பவும் ஒரு போன் பண்ணிட்டுதான் குடுக்கணும்.

நான் ஒரு நாப்பது பக்க நோட்டு வெச்சிருந்தேன். "9.40 பால் 70, 10.15 தூக்கம், 10.50 முழிச்சாச்சு, மோஷன் ஒரு தடவை, கொஞ்சம் பச்சையா", இவ்வளவுதான். சாயந்தரம் அம்மா வந்து செருப்பு கூட கழட்டாம வாசல்ல நின்னு அந்த நோட்டதான் முதல்ல பாப்பாங்க. பகல் முழுக்க தான் பாக்காத குழந்தைய அதுல பாத்துக்குவாங்க. நீங்களும் வெங்க.

இன்னும் ரெண்டு விஷயம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் தினம் ரெண்டு மணி நேரம் அம்மா வீட்டுல இருக்கறப்பவே குழந்தைய விட சொல்லுங்க, உங்க மடி வாசனை அதுக்கு பழகணும். அந்த வாரத்துக்கு காசு வேணாம்னு நான் விட்டுடுவேன், நீங்க வாங்கினாலும் தப்பில்ல. அடுத்தது, இந்த ரேட் ஆறு மாசத்துக்குதான், அப்புறம் மறுபடி உக்காந்து பேசுவோம்னு இப்பவே சொல்லி வெங்க. தவழற குழந்தைக்கு பின்னாடி ஓடறது வேற உழைப்பு, ராகி கூழும் மசிச்ச இட்லியும் ஊட்டறது முக்கால் மணி நேர வேலை. இது நல்லா நடக்குதேனு பாத்துட்டு இரண்டாவது மாடிலயும் ஒருத்தங்க கைக்குழந்தைய தூக்கிட்டு வருவாங்க, ஒரு வயசுக்கு உள்ள ரெண்டு குழந்தைய தனி ஆளா எடுக்காதீங்க. காசு ரெட்டிப்பு ஆகும், கை ரெண்டுதான். நான் ஒரே ஒரு தடவை ரெண்டு மாசம் எடுத்தேன், ஒண்ணுக்கு பால் குடுக்கறப்ப இன்னொண்ணு அழறத கேட்டுக்கிட்டே உக்காந்திருக்க முடியல, நிறுத்திட்டேன்.

கேள்வி: என் பையனுக்கு ஏழு மாசம். எங்க சித்திதான் பாத்துக்கறாங்க, தனியா இருக்காங்க, ரெண்டு தெரு தள்ளி வீடு. காசு பேச்ச எடுத்தாலே "பேரன பாத்துக்க காசு வாங்குவேனா"னு கோச்சுக்கறாங்க. தீபாவளி பொங்கலுக்கு பட்டுப்புடவை எடுத்து குடுக்கறேன். ஆனா மனசு உறுத்துது. என்ன பண்ணலாம்?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்க மனசு உறுத்தறது சரிதாம்மா, அந்த உறுத்தல விட்டுடாதீங்க. புடவை நல்லதுதான், ஆனா புடவைய வெச்சு மாத்திரை வாங்க முடியாது. சித்தி தனியா இருக்காங்கனு எழுதியிருக்கீங்க, பென்ஷன் இருக்கா, சுகர் பிரஷர் மாத்திரை செலவு யார் பாக்கறா, இத முதல்ல மெதுவா தெரிஞ்சுக்கோங்க. அவங்க காலைல கோயிலுக்கு போறது, மத்தியானம் ஒரு மணி நேரம் கால் நீட்டி படுக்கறது எல்லாம் உங்க பையனுக்காக நின்னு போயிருக்கும், வாய தொறந்து சொல்ல மாட்டாங்க.

கையில குடுத்தாதான் கோபம். அதனால "சம்பளம்"ங்கற வார்த்தையே வேணாம். போஸ்ட் ஆபீஸ்ல அவங்க பேர்ல ஒரு ஆர்.டி. போடுங்க, அஞ்சு வருஷத்துது, மாசா மாசம் நீங்களே கட்டுங்க, பாஸ்புக் அவங்க பீரோல இருக்கட்டும். அதோட மளிகை, கேஸ், கரண்ட் பில், இந்த மூணையும் நீங்க எடுத்துக்கோங்க, ஏன்னா அதுல பாதி உங்க பையனால வர்றதுதான். எவ்வளவுனு கேட்டா, உங்க ஊர்ல கிரெச்ல என்ன வாங்கறாங்களோ அந்த முழு தொகையும் ஏதோ ஒரு வழில சித்திக்கு போய் சேரணும், அதுக்கு குறையக்கூடாது. சொந்தம்ங்கறதால குறைக்கற கணக்கு எனக்கு புரியறதே இல்ல, வெளி ஆள் ராத்திரி உங்க பையனுக்கு திருஷ்டி சுத்தி போடமாட்டாங்க.

இன்னொண்ணு, காசுக்கு மேல அவங்களுக்கு வேண்டியது லீவு. ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருக்கறப்ப "சித்தி வாங்க, கொஞ்சம் பாத்துக்கோங்க"னு கூப்பிடாதீங்க. அவங்களுக்கு பல் வலினா கூட சொல்லாம வந்து நிப்பாங்க, அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் லீவு போடட்டும்.

கேள்வி: ஒரு வருஷமா ஒரு குழந்தைய 6,000-க்கு பாத்துக்கறேன். மூணு மாசத்துல வந்தான், இப்போ பதினஞ்சு மாசம், வீட்டுல ஒரு சாமான விடறதில்ல. ஆறு மணிக்கு கூட்டிட்டு போகணும்னு பேச்சு, தினமும் ஏழு மணிக்குதான் வர்றாங்க. ரேட் ஏத்த சொல்லி கேக்கவும் கூச்சமா இருக்கு, குழந்தை மேல ரொம்ப பாசம், நிறுத்திடுவாங்களோனு பயமும் இருக்கு.
(வாசகி, திருச்சி)

பதில்: உங்க பயம் எனக்கு நல்லா தெரியும். நீங்க காசு கேட்டு அவங்க நிறுத்திட்டா, காசு போறது பெருசா தெரியாது, காலைல ஒன்பது மணிக்கு வாசல்ல "ஆச்சி"னு கூப்பிட்டுக்கிட்டு வர்ற குரல் நின்னு போயிடும். அத வெச்சுதான் நாம பேசாம இருந்துடறோம்.

ஆனா தினம் ஒரு மணி நேரம்னா மாசம் 22 மணி நேரம் நீங்க சும்மா பாத்துக்கறீங்க, ஒன்பது மணி நேர நாள் கணக்குல அது ரெண்டரை நாளுக்கு கிட்ட வருது. ஒரு வருஷத்துக்கு ஒரு மாச சம்பளத்துக்கு மேலயே ஆயிடுச்சு. அவங்க வேணும்னு பண்றதா நான் நெனைக்கல, பஸ் லேட்டு, மீட்டிங் லேட்டு, நீங்க ஒண்ணும் சொல்லாததால ஏழு மணிதான் நேரம்னு அவங்களுக்கு பழகிப்போச்சு. அதனால ரேட் ஏத்தறதுனு ஆரம்பிக்காதீங்க, நேரத்துல ஆரம்பிங்க. "ஏழு மணிதான் உங்களுக்கு சரிப்படும்னா ஏழு மணினே வெச்சுக்கலாம்மா, அதுக்கு சேத்து 7,500 குடுத்துடுங்க, இல்ல ஆறு மணிக்கே வந்துட முடியும்னா 7,000, பையன் இப்போ ஓட ஆரம்பிச்சுட்டான், சாப்பாடும் என் வீட்டுலதான சாப்பிடறான்"னு சொல்லுங்க. ரெண்டு வழி வெச்சா அவங்களுக்கு மறுத்து பேசற மாதிரி இருக்காது, எதுனு தேர்ந்தெடுக்கற மாதிரி இருக்கும். ஏழுக்கு மேலயும் போச்சுனா அரை மணிக்கு 50 ரூபானு ஒரு வார்த்தை சேத்துக்கோங்க, அது காசுக்காக இல்ல, கெடிகாரத்த பாக்க வெக்கறதுக்கு. உங்க கூச்சத்துக்கு ஒரு வழி சொல்றேன், நேர்ல வாய் வரலனா முந்தின நாள் ராத்திரியே வாட்ஸ்அப்ல "நாளைக்கு ஒரு பத்து நிமிஷம் பேசணும்மா, பையன பத்தி இல்ல, நேரத்த பத்தி"னு அனுப்பிடுங்க, பையனுக்கு ஏதோனு அவங்க பதற வேணாம்.

மாச கடைசில பேசாதீங்க, கையில காசு இருக்காது, கோபமா வரும். சம்பளம் வந்த முதல் வாரம், அவங்க அவசரமா இல்லாத ஒரு சனிக்கிழமை. பையன் தூங்கறப்ப பேசுங்க, அவன் உங்க இடுப்புல இருக்கறப்ப வேணாம்.